சாணத் தரையிலிருந்து விட்ரிஃபைடு வரை

மலர்க் குழுவிலிருந்து போன் வந்தது. "நீ சிவில்காரன். கட்டிடத்தைப் பத்தி ஏதாவது எழுதிக் குடுடா. போரடிக்காம எழுது" என்றான் நண்பன். இரண்டாவது நிபந்தனைதான் கஷ்டம். ஆனாலும் எழுத ஒப்புக்கொண்டதற்கு ஒரு காரணம் உண்டு. நம் சங்கத்தின் சென்ற பொதுக்குழுவில் பழைய விடுதியின் வராந்தாவைப் பற்றிப் பேச்சு வந்தது. அந்தச் சிவப்புத் தரையைப் பெயர்த்துவிட்டு, நாம் திரட்டும் நிதியில் பளபளவென்று டைல் போட்டுக் கொடுக்கலாம் என்று ஒருவர் சொன்னார். கை தூக்கச் சொன்னார்கள். தூக்கியவர்களில் நானும் ஒருவன். பஸ்ஸில் வீட்டுக்குத் திரும்பும்போதுதான், அவசரப்பட்டு விட்டோமோ என்று தோன்றியது. அந்த உறுத்தல்தான் இந்தக் கட்டுரை.

தரையும் சுவர்ப் பூச்சும் வரலாற்றுப் புத்தகங்களில் இடம் பிடிக்காத சமாச்சாரங்கள். ராஜா எந்த மண்டபத்தில் உட்கார்ந்தார் என்று எழுதுவார்கள். அந்த மண்டபத்தைத் தினமும் யார் துடைத்தார்கள், துடைக்க எவ்வளவு நேரம் ஆயிற்று என்று எழுத மாட்டார்கள். ஆனால் ஒரு வீட்டில் இருப்பவருக்கு அதுதானே முக்கியம்?

நம் ஊர்களில் பெரும்பாலான வீடுகளின் தரை வெகுகாலம் மண் தரைதான். நன்றாகத் தண்ணீர் தெளித்து, கட்டையால் அடித்து இறுக்கிய மண்; மேலே சாணம் மெழுகியது. சாணத்தில் இருக்கும் நார் மண்ணைப் பிடித்து வைத்து வெடிப்பைக் குறைக்கிறது. கான்கிரீட்டில் நார் கலப்பதைப் பாடமாகப் படித்தோமே, அதே தத்துவம். செலவே இல்லை. எங்கே பெயர்ந்தாலும் ஒரு கைப்பிடி மண்ணும் சாணமும் போதும். ஆனால் சும்மா விட்டால் சில நாட்களில் புழுதி கிளம்பும். ஆகவே அது பராமரிப்பே தேவையில்லாத தரை அல்ல. பராமரிப்பையே வீட்டுப் பெண்களின் தலையில் கட்டிய தரை. பழமையைப் புகழ்கிறவர்கள் இந்த இடத்தில் சற்று நின்று போக வேண்டும். மெழுகினவர்களைக் கேட்டால் வேறு கதை சொல்வார்கள்.

வசதியுள்ளவர்கள் வீட்டில் சுண்ணாம்பு ஆட்சி செய்தது. சுண்ணாம்பின் ரசாயனம் எனக்கு இன்றும் அதிசயம்தான். கிளிஞ்சலையோ சுண்ணாம்புக் கல்லையோ ஏறத்தாழ 900 டிகிரி சென்டிகிரேடில் சுட்டால் அதிலுள்ள கரியமிலவாயு வெளியேறிச் சுட்ட சுண்ணாம்பு ஆகும். தண்ணீர் விட்டால் பொங்கி நீற்றுச் சுண்ணாம்பு ஆகும். சுவரில் பூசிய பிறகு காற்றிலிருந்து விட்டுப்போன கரியமிலவாயுவை மெல்ல மெல்லத் திரும்ப வாங்கிக்கொண்டு மறுபடியும் கல்லாகவே மாறிவிடும். போன இடத்துக்கே திரும்பி வருகிற பொருள். இந்த வேலை மாதங்கள், வருஷங்கள் பிடிக்கும். அதனால்தான் பழைய சுண்ணாம்புச் சுவர் வயது ஏற ஏற இறுகுகிறது.

'மெட்ராஸ் டெரஸ்' என்று பாடத்தில் ஒரு பக்கம் வருமே, நினைவிருக்கிறதா? தேக்கு உத்திரங்களின் மேல் செங்கல்லைக் குத்துவாட்டில், மூலைவாக்கில் சுண்ணாம்புக் கலவையில் அடுக்கி, அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த கான்கிரீட் போட்டு, நாள் கணக்கில் கட்டையால் தட்டுவார்கள். வரிசையாக உட்கார்ந்து தட்டும்போது கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துக்கொண்டே போவார்கள். பரீட்சைக்கு அதை ஐந்து மார்க் கேள்வியாக மனப்பாடம் செய்தேனே தவிர, வெல்லம் எதற்கு என்று கேட்கவில்லை. வெறும் தண்ணீரைவிடச் சர்க்கரை கலந்த தண்ணீரில் சுண்ணாம்பு பல மடங்கு கரையும் என்பதை வேலைக்குப் போன பிறகுதான் தெரிந்துகொண்டேன். ரசாயனப் புத்தகம் படிக்காமலேயே கொத்தனார்கள் அதைக் கண்டுபிடித்து வைத்திருந்தார்கள்.

சுவரில் இதே வித்தையின் உச்சம் 'மெட்ராஸ் சுண்ணாம்' எனப்பட்ட பூச்சு. கிளிஞ்சல் சுண்ணாம்பைக் கொண்டு பல அடுக்குகள். கடைசி அடுக்கை வெண்ணெய் போல அரைத்துப் பூசி, வழவழப்பான கல்லால் தேய்த்துத் தேய்த்துப் பளிங்கு போல ஆக்குவது. வெள்ளைக்காரர்கள் பளிங்கு என்றே ஏமாந்து எழுதி வைத்திருக்கிறார்கள்.

நான் இதை நேரில் பார்த்தது காரைக்குடிப் பக்கத்தில், வகுப்புத் தோழன் ஒருவனின் அக்கா கல்யாணத்தில். செட்டிநாட்டு வீடுகளைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலிருந்து 1940-கள் வரை, பர்மா, இலங்கை, மலேயா என்று போய் வட்டித் தொழில் செய்தவர்கள் கட்டியவை. பர்மாத் தேக்கு, இத்தாலியப் பளிங்கு, ஜப்பான் பூ டைல் என்று உலகமே அங்கே வந்து சேர்ந்திருக்கிறது. எல்லாரும் தூணையும் கதவையும் படம் பிடித்துக்கொண்டிருக்க, நான் சுவரைத் தடவிக்கொண்டிருந்தேன். தோழனின் அப்பத்தா பார்த்துவிட்டார்கள்.

"தம்பி, கையக் கழுவிட்டுத் தொடுங்க. பந்தியில சாப்பிட்ட கையி."

வெட்கமாகப் போயிற்று. கழுவிவிட்டு வந்தேன். "முட்டை வெள்ளைக்கரு போட்டு அரைச்சுப் பூசினது. எங்க மாமனார் காலத்து வேல. வருசா வருசம் வெள்ளையடிக்கிற சோலியே இல்ல. ஈரத்துணி வச்சுத் தொடச்சா முடிஞ்சு போச்சு" என்றார்கள். அந்தச் சுவரில் என் முகம் மங்கலாகத் தெரிந்தது. பெயிண்ட் கம்பெனி விளம்பரங்களில் 'வாஷபிள்' என்று வருகிறதே, அது நம்மூருக்குப் புதிது ஒன்றும் இல்லை.

அந்த வீட்டில் இன்னொன்றும் கவனித்தேன். ஜப்பான் டைலை அவர்கள் சுவர் முழுக்க ஒட்டவில்லை. நடமாட்டம் உள்ள இடங்களில், தரையிலிருந்து உட்கார்ந்தவர் தலை உயரம் வரை மட்டும். எண்ணெய்த் தலை சாய்கிற இடம், குழந்தை கை வைக்கிற இடம் எதுவோ அந்த உயரத்துக்கு மட்டும் துடைக்கக்கூடிய பொருள். அதற்கு மேல் சுண்ணாம்பு. அழகுக்காகச் செய்ததாகவே இருக்கலாம். ஆனால் காரியத்துக்கும் பொருத்தமாக இருந்தது. நம் வீடுகளில் சோபாவுக்குப் பின்னால் கறுத்துப்போன எமல்ஷனைப் பார்க்கும்போதெல்லாம் அந்தச் சுவர் ஞாபகம் வரும்.

இனி சிமெண்ட். 1824-இல் இங்கிலாந்தில் ஜோசப் ஆஸ்ப்டின் 'போர்ட்லண்ட் சிமெண்ட்' என்ற பெயரில் காப்புரிமை பெற்றார். நம் நாட்டுக்கு அது வெகுகாலம் கப்பலில்தான் வந்தது. 1904-இல் சென்னையிலேயே கிளிஞ்சலைக் கொண்டு சிமெண்ட் செய்து பார்த்தார்கள்; அந்த முயற்சி நீடிக்கவில்லை. 1914-இல் போர்பந்தரில் தொடங்கியதுதான் நிலைத்தது. பிறகு 1930-களில் மதுக்கரை, 1939-இல் டால்மியாபுரம், 1949-இல் சங்கர்நகர் என்று தமிழ்நாட்டிலேயே ஆலைகள் வந்தன. சிமெண்ட் பக்கத்து ஊரில் கிடைக்க ஆரம்பித்ததும் நடுத்தர வீட்டின் தரையே மாறிப் போயிற்று.

அப்படி வந்ததுதான் ரெட் ஆக்சைடு தரை. என் தாத்தா 'காவித் தரை' என்பார். நம்மில் பலர் தவழ்ந்த தரை. அதைப் போடுவதைப் பார்த்தவர்கள் குறைந்து வருவதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். அடியில் ஜல்லித் தளம். அதன் மேல் ஒன்றுக்கு மூன்று சிமெண்ட் கலவை. அது ஈரமாக இருக்கும்போதே சிமெண்டும் இரும்பு ஆக்சைடு பொடியும் கலந்த மெல்லிய பூச்சு. பொடி, சிமெண்டின் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது. போனால் தரை பலமிழந்து பொடி உதிரும், வேட்டி சிவக்கும். பிறகு கொத்தனார் பலகையில் குந்தியபடி பின்னாலேயே நகர்ந்து கரணையால் தேய்ப்பார். ரொம்ப ஈரத்தில் தேய்த்தால் பால் மேலே வந்து பிற்பாடு மயிரிழை வெடிப்பு விழும். காய்ந்த பிறகு தேய்த்தால் பளபளப்பு வராது. அந்த நடு நேரம் எது என்பது அவர் விரலுக்குத்தான் தெரியும். ஓர் அறையை ஒரே நாளில் முடித்தாக வேண்டும். பாதியில் விட்டு மறுநாள் தொடர்ந்தால் கோடு தெரியும். முடித்தபின் ஒரு வாரம் தண்ணீர் கட்டி வைப்பார்கள்.

காவி ஏன்? இரும்பு ஆக்சைடு என்பது துருதான். ஏற்கெனவே துருப்பிடித்தது இனி என்ன ஆகப் போகிறது? வெயிலுக்கு வெளுக்காது, சிமெண்டின் காரத்துக்கும் அசையாது. விலையும் மலிவு. அதனால் நாடு முழுக்கச் சிவப்பு. ஓரத்தில் கறுப்புக் கரை கட்டினால் அது ஆடம்பரம்.

இதே சிமெண்டும் இதே சாயமும் டைல் வடிவத்திலும் வந்தன. இங்கிலாந்தின் மின்டன் டைல் போல நாமே செய்வோம் என்று சுதேசி உணர்வில் 1922-இல் பாரத் டைல் நிறுவனத்தைப் பார்சிக் குடும்பத்தவர் தொடங்கினார்கள். செட்டிநாட்டில் ஆத்தங்குடிக்காரர்கள் இன்னும் எளிய வழி பிடித்தார்கள். கண்ணாடித் துண்டின் மேல் இரும்புச் சட்டத்தை வைத்து, பூ வடிவ அச்சின் கட்டங்களுக்குள் சாயக் கலவையை ஊற்றுவார்கள். அச்சை எடுத்துவிட்டு, மேலே உலர்ந்த சிமெண்ட்-மணல் தூவி, பின்பு ஈரக் கலவை வைத்து மட்டம் தட்டுவார்கள். தண்ணீரில் ஊறி, வெயிலில் காய்ந்த பிறகு கண்ணாடி தானாக விட்டுக்கொள்ளும். சூளை இல்லை, மின்சாரம் இல்லை, பாலிஷ் மிஷினும் இல்லை. கண்ணாடியின் வழவழப்பே டைலின் வழவழப்பு. மேலும் மினுக்குவது வீட்டுக்காரர் கால். நடக்க நடக்கப் பளபளக்கும். ஆனால் எலுமிச்சைச் சாறும் ஆசிட்டும் பட்டால் போயிற்று, சிமெண்ட் ஆயிற்றே.

புளி என்றதும் நம் மெஸ் நினைவுக்கு வருகிறது. கடப்பாக் கல் மேசைகளில் வெளுத்த வட்டம் வட்டமாக இருக்குமே, யாரோ சூடாகப் பாத்திரம் வைத்த தடம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தோம். அது ரசம் சிந்திய தடம். கடப்பாக் கல் சுண்ணாம்புக் கல் வகை. புளிப்பு அதை அரிக்கும். பளிங்குக்கும் அதே கதி. கிரானைட்டைப் புளி ஒன்றும் செய்யாது. புளிக்குழம்பு வைக்கிற வீட்டில் இத்தாலிய மார்பிளில் சமையல் மேடை கட்டச் சொல்கிறவர்களிடம் இப்போதும் இந்த மேசைக் கதையைத்தான் சொல்கிறேன்.

மொசைக்கை ஒரு வார்த்தை சொல்லாமல் போனால் பாவம். பளிங்குச் சில்லுகளைச் சிமெண்டில் பதித்து மிஷினால் அரைத்த தரை. 1960 முதல் 80-கள் வரை அரசு அலுவலகம், ஆஸ்பத்திரி, பஸ் நிலையம் எல்லாம் அதுதான். தேய்ந்தாலும் அடியிலும் அதே சில்லு, மறுபடி அரைத்துக்கொள்ளலாம். அழுக்கையும் புள்ளிகளுக்குள் மறைத்துவிடும். தினசரி உழைப்புக்கு அதைப்போல ஒரு தரை வந்ததில்லை என்பது என் கட்சி. அரைக்கும் சத்தமும் சேறும் மட்டும் சகிக்காது.

சுவர் விஷயத்தில் பொங்கலுக்குப் பொங்கல் வெள்ளையடித்தோம். நீலம் கலந்த சுண்ணாம்பு, ஒரு மட்டை, ஒரு வாளி. வீட்டு ஆட்களே அடித்துவிடலாம். சுண்ணாம்பின் காரத்தில் பூஞ்சையும் கிருமியும் தாக்குப்பிடிக்காது. குறை என்னவென்றால் சாய்ந்தால் சட்டையில் ஒட்டும். ஒட்டாத சுவர் வேண்டுமென்று ஸ்னோசெம், டிஸ்டெம்பர், பிறகு எமல்ஷன் என்று போனோம். போனதில் தவறில்லை. ஆனால் பழைய சுண்ணாம்புச் சுவரின் மேல் சிமெண்டையும் பிளாஸ்டிக் பெயிண்டையும் பூசி மூடினால், அடியிலிருந்து ஏறும் ஈரம் வெளியேற வழியில்லாமல் உப்பாகப் பொரிந்து பூச்சையே தள்ளும். பட்டி பார்த்து, பிரைமர் அடித்து, மறுபடி மறுபடி அடித்தாலும் அதே இடத்தில் பொரியும். பெயிண்ட் சரியில்லை என்று கடைக்காரரைத் திட்டுவோம். மூச்சு விடுகிற சுவரின் வாயைப் பொத்தியது நாம்.

கடைசி அத்தியாயம் விட்ரிஃபைடு. களிமண், குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார் பொடிகளை அழுத்தி ஏறத்தாழ 1200 டிகிரியில் சுட்டு, கண்ணாடி போல உருகிப் பிணையச் செய்தது. நூற்றுக்கு அரைப் பங்கு தண்ணீரைக்கூட உறிஞ்சாது. 1990-களின் பிற்பகுதியில் நம் ஊர்க் கடைகளுக்கு வந்து, குஜராத்தின் மோர்பியில் ஆலைகள் பெருகியதும் விலை இறங்கி, பத்துப் பதினைந்து வருஷத்தில் எல்லாவற்றையும் ஓரங்கட்டிவிட்டது. காரணம் உறுதி மட்டும் அல்ல. காவித் தரை போடும் கொத்தனாருக்குக் கூலியும் ஒரு வார கியூரிங்கும் வேண்டும். டைல்காரர் இரண்டு நாளில் முடித்துவிட்டுப் போய்விடுவார். அவசரத்துக்குப் பிறந்த தரை அது.

இந்த அத்தியாயத்தில் நானும் ஒரு பாத்திரம். எங்கள் வீடு 1978-இல் அப்பா கட்டியது. முழுக்கக் காவித் தரை. அம்மா மாதம் ஒருமுறை தேங்காய் எண்ணெய் தொட்டுத் தேய்த்து, பிசுக்கு இல்லாமல் உலர் துணியால் துடைத்து எடுப்பார்கள். 2016-இல் நான் சம்பாதிக்கிற திமிரில், "இன்னும் எத்தனை நாளைக்கும்மா குனிஞ்சு தேய்ப்பீங்க?" என்று சொல்லி, 2 அடிக்கு 2 அடி பாலிஷ் டைல் போட்டேன். அப்பாவுக்கு இஷ்டமில்லை. "இஞ்சினியரு சொல்றான், விடு" என்றார் அம்மாவிடம். அந்த வாக்கியம் எனக்கு அப்போது பெருமையாக இருந்தது.

இரண்டு கோடை கழிந்தது. ஒரு சித்திரை மத்தியானம் 'டமார்' என்று சத்தம். கூடத்தில் நாலு டைல் கூடாரம் போலத் தூக்கி நின்றது. டைல் ஒட்டிய மேஸ்திரியைக் குறை சொல்ல நான் ரெடி. ஆனால் சுவரோரம் இடைவெளி விடச் சொல்லாததும், தண்ணீரே உறிஞ்சாத டைலை வெறும் சிமெண்ட் பாலில் ஒட்ட அனுமதித்ததும், டைலுக்கு டைல் இடைவெளி இல்லாமல் 'ஜாயின்ட்லெஸ்ஸாப் போடுங்க' என்று கேட்டதும் நான்தான். வெயிலில் விரிந்த தரைக்குப் போக இடமில்லை, மேலே எழுந்தது. அதைச் சரி செய்தேன். சரி செய்ய முடியாதது அடுத்த மழைக்காலத்தில் நடந்தது. கொல்லையிலிருந்து ஈரக்காலோடு வந்த அம்மா கூடத்தில் வழுக்கி விழுந்தார்கள். இடுப்பு எலும்பு முறிவு. ஆபரேஷன், மூன்று மாதம் படுக்கை, அதன் பிறகு வாக்கர்.

காவித் தரை வழுக்காது என்று பொய் சொல்ல மாட்டேன். சோப்புத் தண்ணீர் பட்டால் அதுவும் வழுக்கும். ஆஸ்பத்திரியில் அம்மாவே சொன்னார்கள்: "அந்தத் தரையில எங்க வழுக்கும்னு காலுக்குத் தெரியும்டா. இது எல்லா இடமும் ஒண்ணா மினுங்குது, தண்ணி கெடக்குறதே கண்ணுக்குத் தெரியல." கடையில் டைல் எடுக்கும்போது நான் தேய்மானம் பார்த்தேன், கறை பிடிக்குமா என்று பார்த்தேன், விலை பார்த்தேன். அறுபத்தைந்து வயதுப் பெண்மணி ஈரக்காலோடு நடப்பார் என்பதைப் பார்க்கவில்லை. அதே கடையில், அதே விலையில், சொரசொரப்பான மேட் டைலும் இருந்தது.

இப்போது கூடத்தில் மேட் டைல்தான். கொல்லை வராந்தாவில் மட்டும், அன்றைக்குப் பணம் போதாமல் விட்டுப்போன காவித் தரை அப்படியே இருக்கிறது. அம்மா நாற்காலி போட்டு உட்காருவது அங்கேதான். எண்ணெய் தேய்க்கும் வேலை இப்போது என்னுடையது. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, முக்கால் மணி நேரம்.

சரி, விடுதிக்கு வருவோம். குளியலறைகளுக்கும் கழிப்பறைகளுக்கும் டைல் கட்டாயம் வேண்டும். அதுவும் வழுக்காத வகை. அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் வராந்தாவை நான் போன மாதம் போய்ப் பார்த்தேன். குதிகாலால் தட்டிக்கொண்டே நடந்தேன். மாணவர்கள் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். படிக்கட்டு ஓரத்தில் இரண்டு இடத்தில் மட்டும் பொள்ளென்ற சத்தம். மூன்றாவது அறைக்கு எதிரே ஒரு நீளமான வெடிப்பு. மற்றபடி அது அழுக்கேறிய தரைதானே தவிர கெட்டுப்போன தரை அல்ல. பெயர்த்தால் அந்த மாதிரி இன்னொன்று போட ஆள் தேடி அலைய வேண்டும்.

ஆகவே ஒரு வேண்டுகோள். ரீயூனியன் அன்று காலை ஏழு மணிக்கு, தண்ணீர்க் குழாய்ப் பக்கம் மூன்றடிக்கு மூன்றடி இடத்தை மட்டும் சுத்தம் செய்து பார்ப்போம். ஆசிட் கூடாது. சலவை சோடா, தேங்காய் நார், நல்ல தண்ணீர். மத்தியானச் சாப்பாடு முடிவதற்குள் காய்ந்துவிடும், அப்புறம் எண்ணெய். வாளியும் துணியும் எண்ணெயும் நான் கொண்டு வருகிறேன். சாயங்காலப் பொதுக்குழுவுக்கு முன்னால் எல்லாரும் ஒரு நடை வந்து பார்த்துவிடுங்கள். டைலுக்குக் கை தூக்கியவர்கள் அவசியம் வர வேண்டும். மறுபடி கை தூக்கச் சொல்லிக் கேட்கப் போகிறேன்.